கறுப்புக் கால்மிதி

அந்தி சாய்ந்ததும் பரபரப்பு கூடும் என்றார்
கிர்கெனெஸ் டாக்டர், தொலைபேசியில்.
விளக்கை எரியவிட்டு வையுங்கள் என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வார்தோவில்
நவம்பர் கடைசியில் சாய்கிற பொழுது
ஜனவரி பாதி கடந்துதான் நிமிர்கிறது.
இரண்டு மாத அந்திக்கு
எத்தனை பல்பு மாட்டுவது?

குன்வோர் முப்பத்தோரு வருஷம்
இந்தத் தீவின் வானத்தைப் பதிவேட்டில் எழுதியவள்.
காலை ஏழு, பகல் ஒன்று, இரவு ஏழு.
காய்ச்சலிலும் எழுதினாள்.
பையன் பிறந்த அன்று மட்டும்
பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும்.
காற்றின் திசையைத் தலைகீழாக எழுதிவிட்டேன்.
இன்றுவரை,
இல்லை, போன வருஷம்வரை
சொல்லிக்காட்டுவாள்.

இப்போது நேரம் அவளுக்குள் கழன்றுவிட்டது.
வேலை கழலவில்லை.
பின்னிரவு மூன்று இருபதுக்குத்
தாழ்ப்பாள் சத்தம்.
இரவு உடுப்பின் மேல் என் மழைக்கோட்டு,
காலில் ஒற்றை பூட்ஸ்.
"அளவு எடுக்கணும். தாமதமாகிவிட்டது."
தெர்மாமீட்டர் இருந்த வெள்ளைப் பெட்டியை
நிலையத்தார் கழற்றிக்கொண்டு போய்
ஒன்பது வருஷம்.
மொட்டைக் கம்பம் நிற்கிறது,
அதற்கப்புறம் பாறை,
அதற்கப்புறம் பாரென்ட்ஸ் கடல்.

கதவருகே கறுப்புக் கால்மிதி விரியுங்கள்,
அவர்கள் கண்ணுக்கு அது பள்ளம்,
தாண்ட மாட்டார்கள் என்று
பராமரிப்பு அலுவலகத்துப் பெண் சொன்னாள்.
நல்ல பெண். யோசனையும் மலிவு.
வாட்சோ கடையில் நூற்று நாற்பது குரோனர்.
ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கலாம்,
அவ்வளவுதான் நான் நினைத்தது.

அன்றிரவு தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.
வராததால்தான் விழித்தேன்.
கூடத்தில் நின்றிருந்தாள்,
கால்மிதியின் விளிம்பில் பெருவிரல் படாமல்
எனக்கு முகம் காட்டி,
இரண்டு கையையும் விரித்து வழி மறித்து.
"வராதே.
யாரோ தோண்டி வைத்திருக்கிறார்கள்.
கயிறு கட்டணும். பையன் தூக்கக் கலக்கத்தில் வந்தால்
விழுந்துவிடுவான்."

பையனுக்கு ஐம்பத்திரண்டு வயது.
ஸ்தவாங்கரில் இருக்கிறான்.
எவ்வளவு நேரமாகக் காவல் நின்றாளோ,
பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன்,
குழாய்த் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது.
என் பெயர் மறந்து நாலு மாதம்.
நான் விழக்கூடாது என்பது
மறக்கவில்லை.

"யார் தோண்டியது?" என்றாள்.
மீன் ஆலையில் நாற்பது வருஷம்
மின்சாரம் பார்த்தவன் நான்.
எந்த ஒயரைத் தொடக்கூடாது என்று தெரியும்.
குனிந்தேன்.
பள்ளத்தைச் சுருட்டி
அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.
அவள் பார்த்த பார்வை இருக்கிறதே,
கல்யாணத்தன்றுகூட
என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது மூன்று இருபதுக்கு
இருவருமாகப் போகிறோம்.
அவளுக்கு இரண்டு பூட்ஸ்,
அவள் இடுப்புப் பட்டையில் என் கை.
கம்பத்தில் ஒரு பெட்டி அடித்தேன்,
உள்ளே சமையலறைத் தெர்மாமீட்டர்.
டார்ச் பிடிப்பது நான்.
சில இரவு பளிச்சென்று படிக்கிறாள், மைனஸ் ஆறு.
சில இரவு எண் வரமாட்டேன் என்கிறது.
நேற்று கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துவிட்டு
"காற்று வீட்டுப் பக்கமிருந்து" என்றாள்.
கடல் பக்கமிருந்துதான் அடித்தது.
சொன்னபடியே எழுதினேன்.
பழைய கணக்கு ஒன்று நேரானது.

வழுக்கும், இந்த வயதில் இதெல்லாம் ஆபத்து
என்பார் டாக்டர். சரிதான்.
மார்ச்சில் இடம் காலியாகும் என்று
முதியோர் இல்லத்துக் கடிதம் வந்திருக்கிறது.
மேசையில் கிடக்கிறது.
ரொட்டித் தூள் விழுந்தால் தட்டிவிடுகிறேன்,
பதில் எழுதவில்லை.

கால்மிதி படகுக் கொட்டகையில்.
பனி அள்ளும் மண்வாரியை எடுக்கப் போகும்போது
அது பிரிந்து தரையில் கிடந்தது.
வெறும் ரப்பர், எனக்குத் தெரியும்.
சுற்றிக்கொண்டு நடந்தேன்.